‘தந்தி’ போட்ட செய்திகள்: வாசகர் கேள்வி – பதில்

பழைய பத்திரிகைகளில் ‘தந்தி’ என்ற சொல் எப்படிப் புழங்கியது என்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் 1920களின் தமிழ் நாளிதழ்க் கட்டு ஒன்று கிடைத்தது. சில செய்திகளுக்கு மேல் ‘தந்திகள்’ என்றும், சிலவற்றுக்கு மேல் ‘நமது நிருபர்’ என்றும், சிலவற்றில் இரண்டும் சேர்ந்தும் இருக்கின்றன. தந்தி என்றால் முக்கியச் செய்தி என்று பொருளா? (வாசகர், காரைக்குடி)

முக்கியத்துவத்தை அது குறிக்கவில்லை. செய்தி எந்த வழியாக அலுவலகத்துக்கு வந்தது என்பதற்கான முத்திரை அது. அன்றைய பத்திரிகைக்குச் செய்தி வர இரண்டு பெரிய வழிகள் இருந்தன. ஒன்று தபால். வெளியூர் நிருபர் விரிவாக எழுதி உறையிலிட்டு அனுப்புவார். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வந்து சேரும். மற்றொன்று தந்தி. அன்றே வந்துவிடும், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. ஆகவே ‘தந்தி’ என்று போட்டால் மூன்று விஷயங்களை வாசகர் புரிந்துகொள்வார்: இது புதிய செய்தி, பத்திரிகை இதற்காகச் செலவு செய்திருக்கிறது, முழு விவரம் இனிமேல்தான் தபாலில் வரும்.

தந்தி என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் செய்தி நிறுவனத்திடமிருந்து வந்தது. ராய்ட்டர் 1866ல் பம்பாயில் அலுவலகம் திறந்தது. வெளிநாட்டுச் செய்திகளில் பெரும்பகுதி அதன் வழியாகவே வந்தது. உள்நாட்டுச் செய்திக்கு கே. சி. ராய் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியா இருந்தது. அதுவும் பின்னர் ராய்ட்டரின் கைக்குப் போனது. ‘நமது நிருபர்’, ‘தந்தி’ இரண்டும் சேர்ந்து வந்தால் பத்திரிகையின் சொந்த ஆள் சொந்தச் செலவில் அடித்த தந்தி. உங்கள் நாளிதழ்க் கட்டில் அப்படிப்பட்ட செய்திகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். வேறு பத்திரிகையில் இல்லாத விவரம் இருப்பதற்கான வாய்ப்பு அவற்றில்தான் அதிகம். ராய்ட்டர் தந்தி எல்லாப் பத்திரிகையிலும் ஏறக்குறைய ஒரே சரக்கு; தமிழ் மட்டும்தான் வேறுபடும்.

கேள்வி: வீணையின் தந்திக்கும் இந்தத் தந்திக்கும் உறவு உண்டா? (வாசகி, கும்பகோணம்)

உண்டு. இழுத்துக் கட்டிய கம்பி என்ற பொருளில்தான் சொல் இங்கே வந்தது. கம்பங்களுக்கு இடையே ஓடிய கம்பியைப் பார்த்து மக்கள் வைத்த பெயர், பிறகு அந்தக் கம்பி வழி வந்த சேதிக்கும், சேதி எழுதிய தாளுக்கும் ஆகிவந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘தந்தி’ என்றே சொன்னார்கள். மலையாளத்தில் ‘கம்பி’, இந்தியில் ‘தார்’, அவையும் கம்பிதான். தந்தம் உடையது என்ற பொருளில் யானையைக் குறிக்கும் ‘தந்தி’ வேறு சொல்.

கேள்வி: தமிழ்ப் பத்திரிகைக்குத் தந்தி தமிழிலா வந்தது? எழுத்துகளைப் புள்ளியாலும் கோட்டாலும் குறித்து அனுப்பும் மோர்ஸ் முறையில் தமிழ் எழுத்துக்கு இடம் இருந்ததா? (வாசகர், திருநெல்வேலி)

நிறுவனத் தந்திகள் ஆங்கிலத்திலேயே வந்தன. உள்ளூர் நிருபர் தமிழில் அனுப்ப விரும்பினாலும் ரோமன் எழுத்தில்தான் எழுதித் தர வேண்டும். தந்தி அலுவலகத்துக் கருவி அறிந்த புள்ளியும் கோடும் அந்த எழுத்துகளுக்கானவை. அதனால் பெரும்பாலோர் உடைந்த ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார்கள். ‘மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி’ என்று வீட்டுக்கு வந்த அதே நடைதான் பத்திரிகைக்கும் வந்தது.

ஆக, தமிழ் நாளிதழின் மேசையில் அன்றாட வேலையே மொழிபெயர்ப்புதான். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882ல் வார இதழாகத் தொடங்கிய சுதேசமித்திரன் 1899ல் நாளிதழானது. அதில் 1904 இறுதியில் உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதியாருக்குக் கிடைத்த வேலையும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதே. ருஷ்யாவும் ஜப்பானும் போரிட்டுக்கொண்டிருந்த சமயம் அது. போர்க்களம், கப்பல் படை, சமாதானப் பேச்சு என்று நாள்தோறும் வந்து விழுந்த தந்திகளுக்கு அன்றன்றே தமிழ் கண்டாக வேண்டும். யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ள முடியாது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை கூர்மைப்பட்டதில் இந்தத் தந்தி மேசைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது எங்கள் உறுதியான கருத்து. இலக்கிய வரலாறுகள் அதற்கு இன்னும் உரிய இடம் தரவில்லை.

கேள்வி: பத்து வரித் தந்தி எப்படி அரைப் பத்தி (அரை ‘காலம்’) நீளச் செய்தியானது? மீதியைக் கற்பனை செய்து எழுதினார்களா? பழைய செய்திகளில் ஊர்ப் பெயரும் எண்ணும் தவறாக இருப்பதையும் பார்க்கிறேன். (ஆய்வு மாணவி, மதுரை)

இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

காசுக்காகச் சொற்களைக் கழித்து எழுதியதால் தந்தியில் எலும்பு மட்டும் இருக்கும். எழுவாய், வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் சிறு சொற்கள், நிறுத்தக் குறிகள் எல்லாம் போய்விடும். வாக்கியம் முடிவதைக் காட்ட ‘ஸ்டாப்’ என்ற சொல். ஒரு புள்ளி வழியில் விழுந்துபோகலாம், ஒரு சொல் அவ்வளவு எளிதில் விழாது என்பதே காரணம். வெளிநாட்டுத் தந்தியில் 15 எழுத்து வரை ஒரு சொல் என்று கணக்கு. அதைப் பயன்படுத்திக்கொண்டு நிருபர்கள் இரண்டு சொல்லை ஒட்டி ஒன்றாக்குவார்கள். ‘லண்டனிலிருந்து’ என்பது ‘எக்ஸ்லண்டன்’ ஆகும். ‘இல்லை’ என்ற தனிச் சொல்லுக்குப் பதில் வினையின் முன்னால் ‘அன்’ ஒட்டிக்கொள்ளும்.

உதாரணத்துக்கு நாங்களே அமைத்த ஒரு தந்தி: ‘கவர்னர் அரைவ்டு திருச்சி மார்னிங் ஸ்டாப் இன்ஸ்பெக்டெட் பிரிட்ஜ் ஸ்டாப் லீவிங் மதுரா டுநைட்’. உதவியாசிரியர் இதைத் தமிழ்ச் செய்தியாக்க வேண்டும். ‘நேற்றுக் காலை திருச்சி வந்து சேர்ந்த கவர்னர், பாலத்தைப் பார்வையிட்டார். இரவு மதுரைக்குப் பயணமானார்’ என்று எழுதினால் ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் இப்படித் தந்தியைச் செய்தியாக்கும் வேலையில் நான்கு குழி இருக்கிறது.

முதல் குழி நாள். தந்தியில் ‘இன்று’ என்றிருப்பது அனுப்பியவரின் இன்று. பத்திரிகை மறுநாள் வாசகர் கையில் இருக்கும்போது அது நேற்று. மாற்ற மறந்தால் செய்தி ஒரு நாள் தள்ளிப்போகும். பழைய இதழ்களில் ‘இன்று’, ‘நாளை’ பற்றிய குழப்பம் மிகுதி. ஆய்வுக்கு எடுக்கும்போது அச்சான தேதியை நம்பாமல், செய்தியின் தலையில் உள்ள ஊர், தேதியை வைத்துக் கணக்கிடுங்கள்.

இரண்டாவது திசை. ‘லீவிங் மதுரா’ என்றால் மதுரைக்குப் புறப்படுகிறாரா, மதுரையை விட்டுப் புறப்படுகிறாரா? திருச்சியில் இருப்பவர் என்பதால் இங்கே ஊகிக்க முடிகிறது. தந்தியின் முன்பகுதி தனியாகவும் பின்பகுதி தனியாகவும் வந்து சேர்ந்தால் ஊகிக்க வழியில்லை.

மூன்றாவது விவரம். எந்தப் பாலம்? அறிந்த ஆசிரியர் காவிரிப் பாலம் என்று சேர்ப்பார். பொறுப்பானவர் ‘பாலத்தை’ என்றே விட்டுவிட்டுத் தபால் வரக் காத்திருப்பார். நீங்கள் கேட்ட கற்பனை இந்த இடத்தில்தான் நுழையும். சேர்த்தது எல்லாமே பொய் அல்ல. பதவிப் பெயர், ஊர் இருக்குமிடம், முன்கதை போன்றவற்றைக் கோப்பிலிருந்து எடுத்துச் சேர்ப்பது முறையான வேலை. கூட்டத்தின் அளவு, கைதட்டல், பேச்சின் நேர் மேற்கோள் ஆகியவற்றைத் தந்தியில் இல்லாமல் சேர்த்திருந்தால் அது தவறு. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு பத்திரிகைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பொதுவாக உள்ளவை தந்தியில் வந்தவை. ஒன்றில் மட்டும் இருப்பது மேசையில் சேர்ந்தது அல்லது சொந்த நிருபர் தந்தது.

நான்காவது, ‘இல்லை’ என்ற சொல். ஒரு ‘நாட்’ விழுந்தால் செய்தி தலைகீழாகும். அதற்காகவே ‘நாட் ரிபீட் நாட்’ என்று இரண்டு முறை அடிக்கும் பழக்கம் வந்தது. ஒரு சொல்லுக்கான காசை மிச்சம் பிடிக்க மூளையைக் கசக்கியவர்கள், இந்த இடத்தில் மட்டும் இரண்டு சொல்லை மனமுவந்து செலவழித்தார்கள்.

இனிப் பெயரும் எண்ணும். மோர்ஸில் ‘எஸ்’ மூன்று புள்ளி, ‘எச்’ நான்கு புள்ளி, எண் 5க்கு ஐந்து புள்ளி. ‘வி’ என்பது மூன்று புள்ளி ஒரு கோடு. எண் 4 என்பது நான்கு புள்ளி ஒரு கோடு. வேகமாகக் கேட்டு எழுதும்போது ஒரு புள்ளி கூடக் குறைய விழுவது இயல்பு. எண்களில் இதைத் தடுக்க, தந்தியின் முடிவில் எண்களை மட்டும் இன்னொரு முறை அடித்துச் சரிபார்ப்பார்கள். பெயர்களுக்கு அந்தக் காவல் இல்லை. ‘ஆர்’ எழுத்துக்குப் புள்ளி, கோடு, புள்ளி. இன்னொரு புள்ளி சேர்ந்தால் அது ‘எல்’. திருவாரூரும் திருவள்ளூரும் குழம்ப அதுவே போதும்.

தந்தி பிழையின்றி வந்தாலும் ரோமன் எழுத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இன்னொரு சிக்கல். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. ந, ன, ண மூன்றுக்கும் ஒன்று. குறிலும் நெடிலும் ஒன்று. மணலியும் மனாலியும் தந்தியில் ஒரே ஊர்தான். ஆலங்குடி என்று வந்தால் புதுக்கோட்டைப் பக்கமா, திருவாரூர்ப் பக்கமா என்று மாவட்டம் தெரியாமல் சொல்ல முடியாது. பழைய செய்தியில் விசித்திரமான ஊர்ப் பெயரைக் கண்டால் அதை அப்படியே குறித்துக்கொண்டு, ரோமன் எழுத்தில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். பிறகு ல-ள-ழ, ர-ற, த-ட மாற்றி மாற்றிப் படியுங்கள். பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது மாற்றத்திலேயே உண்மையான ஊர் வெளியே வந்துவிடும். வரவில்லையென்றால் அந்த வட்டாரத்தின் ரயில் நிலையப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். கிராமத்தில் நடந்ததையும் அருகிலுள்ள தந்தி வசதி கொண்ட ஊரின் பெயரிலேயே அனுப்பியிருப்பார்கள்.

கேள்வி: சிற்றூர் நிருபர் தந்திக்குக் காசு எங்கே போவார்? (வாசகர், தருமபுரி)

பத்திரிகைச் செய்திக்குப் பொதுமக்கள் தந்தியை விடக் குறைந்த ‘பிரஸ்’ கட்டணம் இருந்தது. அதற்கு நிபந்தனை உண்டு: சங்கேதம் இல்லாத திறந்த மொழியில் இருக்க வேண்டும், அச்சிடுவதற்கான செய்தியாகவே இருக்க வேண்டும். ‘எனக்குச் சம்பளம் வரவில்லை’ என்று நடுவில் ஒரு வரி சேர்த்தால் சலுகை கிடையாது.

இதற்கு மேல் ‘பேரிங்’ ஏற்பாடு ஒன்று இருந்தது. தபால்தலை ஒட்டாத கடிதத்தைப் பெறுகிறவர் காசு கொடுத்து வாங்குவாரே, அதே சொல்தான். தந்தித் துறை தந்த அட்டையை நிருபர் காட்டினால் அலுவலகத்தில் பணம் கட்டாமலே செய்தியை ஏற்றுக்கொள்வார்கள். கட்டணம் பத்திரிகையின் கணக்கில் ஏறும். அட்டையைத் தொலைத்த நிருபர் அன்று கைக்காசு போட வேண்டும், அல்லது ரயிலிலோ பஸ்ஸிலோ உறையைக் கொடுத்தனுப்ப வேண்டும். அவசரத்துக்கு ‘எக்ஸ்பிரஸ்’ தந்தி. சாதாரணக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு.

கேள்வி: பழைய வார இதழ்களின் கடைசிப் பக்கத்தில் ‘தந்தி விலாசம்’ என்று ஒற்றைச் சொல் இருக்கிறது. ஊர், தெரு ஒன்றும் இல்லையே? (வாசகி, சென்னை)

விலாசத்தில் உள்ள சொற்களுக்கும் காசு என்பதால் ஏற்பட்ட வழக்கம் அது. கம்பெனியோ பத்திரிகையோ ஒரு சொல்லைத் தந்தி அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பதிந்துகொள்ளும். அந்தச் சொல்லும் நகரத்தின் பெயரும் மட்டும் எழுதினால் போதும், தந்திச் சேவகர் சரியான வாசலில் கொண்டுவந்து கொடுப்பார். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் சொல் பறிபோகும். ஒரே நகரத்தில் ஒரு சொல்லை இருவருக்குத் தரமாட்டார்கள். விளம்பரங்களை ஆராய்கிறவர்களுக்கு இது நல்ல தடயம். நிறுவனத்தின் பெயரும் கட்டடமும் மாறியிருந்தாலும் தந்தி விலாசம் அதேயாக இருந்தால், பழைய நிறுவனத்தின் தொடர்ச்சியா என்று தேடிப் பார்க்கலாம்.

கேள்வி: தந்திச் செய்தியின் தேதியைக் கண்டுபிடிக்கும்போது சில குறிகள் புரியவில்லை. ௳, ௴ போன்றவை என்ன? (வாசகர், ஈரோடு)

௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். ‘ஜூலை௴ 12௳’ என்றால் ஜூலை மாதம் 12ஆம் நாள். ‘௸ ஊர்’ என்றால் மேலே சொன்ன ஊர். எனவே முந்தைய செய்தியைப் பார்க்காமல் நறுக்கி எடுத்தால் ஊர் தெரியாமல் போய்விடும். துணுக்குகளாக வெட்டி ஒட்டிய பழைய கோப்புகளில் இப்படி அனாதையான செய்திகள் நிறைய.

இதழின் தலைப்பில் தமிழ் வருடம் மட்டும் இருந்தால் 60 ஆண்டுச் சுழற்சியை நினைவில் கொள்ளுங்கள். ருதிரோத்காரி 1863லும் வரும், 1923லும் வரும், 1983லும் வரும். வருடம் சித்திரையில் தொடங்குவதால் ருதிரோத்காரி தை மாதம் என்றால் 1924 ஜனவரி–பிப்ரவரி. செய்தியில் வரும் ஒரு ராய்ட்டர் தந்தியின் ஆங்கிலத் தேதியைப் பிடித்துக்கொண்டால் இந்தக் கணக்கைச் சரிபார்த்துவிடலாம்.

கேள்வி: முக்கியமானதை முதலில் சொல்லும் செய்தி நடையே தந்தியால் வந்தது, நடுவில் கம்பி அறுந்தால் என்ன செய்வது என்று பயந்து அப்படி எழுதினார்கள் என்கிறார்களே? (வாசகர், கோயம்புத்தூர்)

அமெரிக்க உள்நாட்டுப் போரை வைத்துச் சொல்லப்படும் விளக்கம் இது. அந்த நடை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பொதுவழக்கு ஆகவில்லை என்று காட்டியவர்களும் இருக்கிறார்கள். தந்தி ஒரு காரணம். அதுவே முழுக் காரணம் அல்ல. தமிழில் நிலைமை இன்னும் தெளிவு. தந்திச் செய்தி சுருக்கமாகவும், அதே பக்கத்தில் தபாலில் வந்த செய்தி ‘சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை இவ்வூரில்’ என்று தொடக்கத்திலிருந்து வரிசையாகவும் இருப்பதை ஒரே இதழில் காணலாம்.

கேள்வி: இலங்கையில் தந்திக்கு முன்னால் புறாவில் செய்தி வந்தது உண்மையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

உண்மை. ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் அப்போது தென்கரையிலுள்ள காலி (Galle) என்ற துறைமுக ஊரில் நின்றன. ‘சிலோன் அப்சர்வர்’ ஆங்கிலப் பத்திரிகை 1850 முதல் காலியிலிருந்து கொழும்புக்குப் புறாக்கள் வழியே செய்தி பெற்றது. 1850களின் இறுதியில் இரு ஊருக்கும் இடையே தந்திக் கம்பி வந்ததும் புறாக்களுக்கு வேலை நின்றது.

கேள்வி: செய்திக்கு மேல் ‘தந்தி’ என்று போடுவது எப்போது நின்றது? (வாசகி, வேலூர்)

ஒரே நாளில் நின்றதல்ல. தட்டச்சு செய்தபடி வரும் டெலிபிரிண்டர் பத்திரிகை அலுவலகங்களுக்குள் வந்ததும் தந்தி அலுவலகத்துத் தாளின் இடம் சுருங்கியது. 1947 ஆகஸ்டில் சென்னையில் பதிவான பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா 1949 பிப்ரவரி 1 முதல் இயங்கியது. அதன் செய்தி நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாமே கம்பி வழி வந்த பிறகு ‘தந்தி’ என்று தனியாகச் சொல்லத் தேவை இல்லாமல் போயிற்று. ‘பி.டி.ஐ.’ என்ற நிறுவனப் பெயர் அந்த இடத்தைப் பிடித்தது. சிற்றூர் நிருபர்கள் மட்டும் டிரங்க் கால் என்ற வெளியூர்த் தொலைபேசி அழைப்பு எளிதாகும்வரை தந்தியை விடவில்லை. நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலை 15 முதல் இல்லை.

சொல் மட்டும் பத்திரிகைப் பெயரில் தங்கிவிட்டது. சி. பா. ஆதித்தனார் 1942ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியை எல்லோரும் அறிவோம். உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. ‘தந்தி’ என்றால் சூடான, சுருக்கமான செய்தி என்று கடைசி வாசகருக்கும் விளங்கும். 1855ல் தொடங்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் ‘தினவர்த்தமானி’யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரில் ‘தினம்’ இருந்தாலும் அது வார இதழ்.

கேள்வி: 1935ல் நடக்கும் கதை எழுதுகிறேன். மதுரை நிருபர் சென்னைக்குச் செய்தி அனுப்புகிறார். எந்தச் சொற்களைப் பயன்படுத்தலாம்? (வாசகர், புதுச்சேரி)

நிருபர் தந்தி ‘கொடுப்பார்’ அல்லது ‘அடிப்பார்’. கருவியில் தட்டுபவர் தந்தி ஊழியர்தான் என்றாலும் கொடுத்தவரே அடித்ததாகச் சொல்வது வழக்கம். சென்னையில் தந்தி ‘வரும்’. ‘தந்தி போட்டான்’ என்பதும் உண்டு. உங்கள் நிருபர் படிவத்தில் பென்சிலால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதட்டும். ஜன்னல் குமாஸ்தா சொற்களை எண்ணட்டும். பேரிங் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். சென்னை அலுவலகத்தில் தாளை வாங்குபவர் உதவியாசிரியர். செய்தியாக்கிய பிறகு அச்சுக்கோப்பவரிடம் போகும். ‘சமாசாரம்’ என்ற சொல் உரையாடலில் இயல்பாக ஒலிக்கும். டெலிபிரிண்டரை அந்தச் சிறு அலுவலகத்துக்குள் கொண்டுவர வேண்டாம். குளிரிலோ பயத்திலோ ‘பல் தந்தி அடித்தது’ என்று எழுதுவது கருவியின் டக் டக் ஓசையிலிருந்து வந்த வழக்கு. ஊர்தோறும் தந்தி அலுவலக ஓசை பழகியிருந்த காலம் என்பதால் உங்கள் பாத்திரம் அதைத் தாராளமாகச் சொல்லலாம்.